கொசுவுக்கு ஒதுக்கின மேடை

அக்கட்ட நின்னு எடுக்காதீங்க அம்மிணி. வெயில் எதுக்கால அடிக்குது பாருங்க, படத்துல எல்லாம் கருகருன்னுதான் வுழுகும். இப்படி இந்த வேம்பு ஓரமா வந்து நின்னு எடுங்க. நான் நெதமும் பாக்கறனுங்க, வர்றவங்க எல்லாரும் அங்கதான் போய் நிக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் நான்தான் சொல்ல வேண்டியிருக்குது.

பத்திரிகைங்களா? சென்னையிலிருந்தா? நல்லதுங்க. சித்தெ உக்காருங்க. அந்த போர்டைப் படிக்காதீங்க, அதுல ஒண்ணும் இல்ல. ‘மனிதப் பாடு, ஏழு உலோகச் சிற்பங்கள், நவமணி’ன்னு போட்டிருக்கும், அவ்வளவுதான். அதுக்குக் கீழ போடச் சொல்லி நான் பதினெட்டு வரி எழுதிக் குடுத்தேன். எடம் பத்தாதுன்னுட்டாங்க.

நான் ஆருன்னே சொல்லல பாருங்க. மயில்சாமி. இந்தப் பூங்கொடி நகர் குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினோரு வருசமாத் தலைவர். அதுக்கு முந்தி இன்சூரன்சுல முப்பத்தொரு வருசம். பேசியே பொழைச்சவனுங்க நான். ஆனா எச்சாப் பேச மாட்டேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது.

இந்த எடம் முந்தி பூராவும் பார்த்தீனியச் செடி. நான்தான் நடையா நடந்து பார்க் ஆக்குனேன். ஆக்கிட்டு, நடுவால ஒரு நீரூத்து, ரெண்டு அன்னம், அன்னத்து வாயிலிருந்து தண்ணி வர்ற மாதிரி ஒரு படம் வரைஞ்சு வெச்சிருந்தேன். அப்பத்தான் நம்ம நகர்லயே பம்ப் கம்பெனி நடத்திட்டு இருந்த ஒருத்தர் தவறிட்டாருங்க. அவரோட சம்சாரம் என்னைக் கூப்பிட்டு, “அவர் ஞாபகமா பார்க்குல சிலை வெச்சுத் தர்றனுங்க தலைவரே”ன்னாங்க. நான் அன்னத்துப் படத்தை எடுத்துட்டுப் போனேன். அங்க போனா, சோபாவுல கிராப்பு வெட்டுன ஒரு பொண்ணு, காலுல பூட்ஸ், வெரலெல்லாம் தீப்புள்ளி. நாப்பது வயசு இருக்கும். அதுதான் நவமணி. அப்பா ஃபவுண்டரியில மோல்டராம். இது சென்னையில சிற்பம் படிச்சிட்டு வந்து, இங்க பக்கத்துல கணபதிங்கற எடத்துல ஷெட்டு போட்டு, பழைய மோட்டார், பம்ப்பு, தறி சாமானை எல்லாம் ஒட்டி என்னென்னவோ செய்யுது.

“என்ன செய்யப் போறம்மா?”ன்னு கேட்டேன்.

“பூச்சி சார். எறும்பு, ஈ, கரப்பான், கும்பிடுபூச்சி, சாணிவண்டு, விட்டில், கொசு. ஏழும் மனுசங்கதான்.”

“பூச்சி எப்படிம்மா மனுசனாகும்?”

“ரெண்டு காலுல நிக்க வெச்சுட்டாப் போதும் சார்.”

எனக்கு மத்ததெல்லாம் காதுல வுழுகல அம்மிணி, கொசுங்கற ஒரு வார்த்தைதான் வுழுந்துச்சு. கொசு மருந்து வண்டி கேட்டு இந்தக் கையால எழுதின மனுவை அடுக்குனீங்கன்னா இந்த பெஞ்சு உசரம் வரும். அப்படியாப்பட்ட நான், கொசுவுக்கு மாலை போட்டுத் தெறந்து வெக்கோணுமா? நாளைக்கு மருந்து வண்டிக்காரன் சிரிக்க மாட்டானா? அங்கயே ஒரு முக்கால் மணி நேரம் எடுத்துச் சொன்னேன். டெங்குல ஆரம்பிச்சு யானைக்கால் வரைக்கும் சொன்னேன். அந்தப் பொண்ணு காதைத் தேச்சுட்டே, “சரி சார், கொசு வேண்டாம்”னுடுச்சு. பாருங்க, எடுத்துச் சொல்ற விதத்துல சொன்னா ஆரும் கேப்பாங்க.

ஆனா அடுத்த வாரம் இங்க வந்து பாத்தா, பழைய கணக்குப்படி ஏழு மேடைக்கும் கான்கிரீட் போட்டாச்சு. ஏழாவது மேடையை என்னம்மா பண்றதுன்னு கேட்டா, “காலியா இருக்கட்டும் சார், ஏதாச்சும் தானா வந்து உக்காரும்”னு சொல்லுச்சு. வெளையாட்டுக்குச் சொல்லுதுன்னு நானும் சிரிச்சுட்டேன்.

பொறகு இங்கயே, அந்தத் தண்ணித் தொட்டி இருக்குதுல்லங்க, அதுக்குப் பக்கத்துல தகர ஷெட்டு போட்டு வேலை ஆரம்பிச்சுது. நாலு மாசம். நான் ஒரு நாள் தவறாமப் போவனுங்க. தனியா ஒரு பொம்பளப்புள்ள நெருப்போட மல்லுக்கட்டிட்டு இருக்குது, தலைவர்னு ஒருத்தன் எதுக்கு இருக்கறது? எறும்புக்குக் கொம்பு நீளம் பத்தாது, ஈக்கு ரெக்கை கோணல், இப்படி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவேன். அந்தப் பொண்ணு காதுல பெரிய மூடி ஒண்ணு மாட்டிக்கும், கிரைண்டர் சத்தத்துக்கு. நல்ல மரியாதை தெரிஞ்ச புள்ளைங்க. வேலையில்லாம டீ குடிச்சுட்டு இருந்தாக்கூட, நான் வர்றதைப் பாத்தா உடனே எந்திரிச்சு அந்த மூடியை மாட்டிக்கும்.

நான் போறப்ப ஃபிளாஸ்க்குல காப்பி எடுத்துட்டுப் போவேன். என்ற ஊட்டுக்காரி விசாலம் போட்டுக் குடுப்பா. அவளைப் பத்திச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க. பேச மாட்டா. கண்ணாலம் ஆகி முப்பத்தாறு வருசத்துல அவ பேசினதைத் தொகுத்தா ஒரு பக்கம் வராது. நானும் பல தடவை சொல்லிட்டேன், “மனசுல இருக்கறதைச் சொல்லு விசாலம், நான் கேக்கறேன்”னு. அவ வாயெடுக்கறதுக்குள்ள, அவ என்ன சொல்ல வர்றான்னு எனக்கே தெரிஞ்சு போயிடும், நானே சொல்லிருவேன். அவளுக்கு ஒரு சிரமம் கொறைஞ்சுது.

அந்தக் காலி ஃபிளாஸ்க்கை வாங்கப் போறேன்னு விசாலம் பதினொரு மணிவாக்குல ஷெட்டுக்குப் போக ஆரம்பிச்சா. போனா ஒண்ணரை மணி நேரம், ரெண்டு மணி நேரம். வந்தா சேலையில பொட்டுப் பொட்டா ஓட்டை. “என்ன விசாலம் சேலையெல்லாம் இப்படி?”ன்னா, “பொறி பறந்துச்சுங்க”ம்பா. வேடிக்கை பாக்கறவ சித்தெ தள்ளி நின்னு பாக்கலாம்ல? அதையும் எடுத்துச் சொன்னேன்.

அதே சமயத்துல எங்க ஊட்டுல சாமான் காணாமப் போக ஆரம்பிச்சுதுங்க. என்ற பழைய ஸ்கூட்டர் ஒண்ணு பின்னால ஷெட்டுல நிக்குது, அதோட ஹாரனைக் காணோம். ஷோகேசுல பித்தளைக் கேடயம் அஞ்சு வெச்சிருந்தேன், கம்பெனியில வருசா வருசம் பேச்சுத் திறமைக்குக் குடுத்தது. அதுல ரெண்டைக் காணோம். கேட்டா விசாலம், “பாலிசு போடக் குடுத்திருக்குதுங்க”ன்னா. சரின்னு உட்டுட்டேன். ஹாரனுக்குத்தான் நம்ம தெருவுல வர்ற பழைய இரும்புக்காரனைப் புடிச்சு நல்லாக் கேட்டு உட்டேன். அந்த ஆளு இன்னைக்கு வரைக்கும் இந்தத் தெருவுக்கு வர்றதில்ல. குத்தமுள்ள நெஞ்சுன்னு அப்ப நெனச்சேன்.

தெறப்பு விழா அன்னைக்கு வந்து பாத்தா, ஏழு மேடையிலயும் துணி போத்தி நிக்குது. ஏழுங்க! நான் நவமணியைப் பாத்தேன். “கொசு இல்ல சார், கவலப்படாதீங்க”ன்னுடுச்சு.

துணியை எடுத்தாங்க. இப்ப நீங்க பாக்கறீங்கல்ல, இதேதான். மொதல்ல எறும்பு. முதுகுல பாருங்க, ஒரு சமையல் கேஸ் சிலிண்டர், ஸ்கூல் பை ரெண்டு, ஒரு கதவு, கதவுக்கு மேல ஒரு கெழவர் கட்டில். அத்தனையும் சுமந்துட்டுக் கையில ஒரு வாட்சைப் பாத்துட்டே போகுது. நேரமாச்சாம். அடுத்தது கும்பிடுபூச்சி. லாரி ஸ்பிரிங் பட்டையில செஞ்சது, கை ரெண்டுலயும் ரம்பப் பல்லு. கும்பிட்டுத்தான் நிக்குது, கண்ணு மட்டும் பக்கத்து மேடை எறும்பு மேல. அக்கட்ட ஈ, டீ வடிகட்டியில கண்ணு, கையக் கையத் தேச்சுட்டு. சாணிவண்டு உருட்டற உருண்டை பூராவும் சாவிங்க, ஆயிரத்துக்கு மேல இருக்குமாம். விட்டில் ஒரு செல்போன் வெளிச்சத்துல மூஞ்சியை வெச்சுட்டு இருக்குது. கரப்பான் மல்லாக்கக் கெடந்து காலை ஆட்டுது. தொட்டுப் பாருங்க, ஆடும். கீழ பேரிங் வெச்சிருக்குது.

ஏழாவது, கொசுவோட மேடையில, சில்வண்டு. தெரியுதுங்களா? பெரிய வயிறு, உள்ள ஒண்ணுமில்ல, வெறும் டப்பா. தட்டுனா கும்முனு கேக்கும். வாயிக்கு ஒரு ஹாரன். முன்னால மைக்கு. காது கெடையாது. மைக்குக்கு முன்னால ஆறு குட்டி நாற்காலி, ஆறும் காலி.

அதைப் பாத்து நான்தான் மொதல்ல சிரிச்சது. ஆரோ அரசியல்வாதியப் பாத்துச் செஞ்சிருக்குதுன்னு நெனச்சேன். ஹாரன் கூட என்ற ஸ்கூட்டர் ஹாரன் மாதிரியே, அதே எடத்துல நெளிசல். ஒரே கம்பெனி ஹாரன்னா ஒரே மாதிரித்தான நெளியும்?

இனிமேத்தான் அம்மிணி வில்லங்கமே. கும்பிடுபூச்சியைப் பாத்ததும் எனக்குச் சட்டுனு தோணிப்போச்சு, இது நம்ம சபாபதியாச்சே! கோயில் கமிட்டிச் சபாபதி. கண்ணை மூடிக் கும்பிட்டுட்டே அடுத்தவன் தட்டுல எத்தனை வடைன்னு பாக்கற ஆளு. பக்கத்துல நின்னவர் காதுல சும்மா தமாசுக்குச் சொன்னேன். எறும்பு ஆருன்னா, மூணாவது கிராஸ் திலகவதி. வேலைக்கும் போயிட்டு, மாமனாரையும் பாத்துட்டு, ரெண்டு புள்ளைங்களையும் வெச்சுட்டு ஓடிட்டே இருக்கறவ. கரப்பான் ஆருன்னா, பத்மநாபன். அவர் மில்லை மூடுனதிலிருந்து வெளிய தெருவ வராம ஊட்டுக்குள்ளயே படுத்துட்டிருந்தார். நான் ஊரெல்லாம் சொல்லலைங்க. நாலே பேருகிட்டத்தான் சொன்னேன், நாலு பேருகிட்டயும் தனித்தனியா, வெளிய உடாதீங்கன்னு சொல்லித்தான் சொன்னேன்.

மூணாம் நாளு நகரே பத்திட்டு எரியுது! ஆரோ கெளப்பி உட்டுட்டாங்க. இந்த ஊருல நாக்கை அடக்கத் தெரிஞ்சவங்க கெடையாதுங்க. சாவி உருண்டைக்கு மூணு பேரு சண்டை, ‘அது நான் இல்ல, நீ’ன்னு. சபாபதி என்ற ஊட்டுக்கே வந்துட்டான்.

“தலைவரே, சாமி கும்பிடறவனைக் கொச்சைப்படுத்தி வெச்சிருக்காங்க. பொதுக்குழுவைக் கூட்டுங்க. ஏழையும் லாரியில ஏத்தோணும்.”

“நீதான்னு ஆரு சொன்னாங்க சபாபதி?”

“நீங்கதான் சொன்னீங்களாம்.”

“நான் தமாசுக்குல்ல சொன்னேன்!”

ஞாயித்துக்கெழமை காலைல, இங்கதான், பந்தல் போட்டுப் பொதுக்குழு. எப்பவும் நான் கூட்டுனா கோரத்துக்கு வேண்டிய தலைக்கணக்குக்கே ஆள் புடிக்கோணும். அன்னைக்கு நிக்க எடமில்ல. நவமணியையும் வரச் சொல்லியிருந்தோம். அந்தப் பொண்ணு ஒரே வார்த்தைதான் சொல்லுச்சு. “எனக்கு உங்கள்ல ஆரையும் தெரியாதுங்க. நான் பூச்சியைத்தான் பாத்துச் செஞ்சேன். பூச்சியைப் பாத்து நீங்க உங்களை அடையாளம் கண்டுக்கிட்டா, பூச்சிகிட்டதான் கேக்கோணும்.” சபாபதி குதிக்கறான். பின்னால சிரிக்கறாங்க.

அப்பத் திலகவதி எந்திரிச்சாங்க. “எறும்பு நான்தானாம், எல்லாரும் சொல்றாங்க. எங்க ஊட்டுல நான் என்ன சொமக்கறேன்னு இது வரைக்கும் ஆரும் பாத்ததில்லைங்க. ஒரு இரும்புக்குத் தெரிஞ்சிருக்குது. அதை எடுத்தீங்கன்னா நான் இந்தக் கூட்டத்துக்கே இனிமேல் வர மாட்டேன்.” சொல்லிட்டு உக்காந்து கண்ணைத் தொடைச்சுட்டாங்க. அவங்க ஊட்டுக்காரர் கீழ குனிஞ்சுட்டாரு.

அடுத்து ஆருன்னு பாத்தா, பத்மநாபன். ரெண்டு வருசமா அந்த ஆளு வெளிய வந்து நான் பாக்கல. தாடியோட, வெள்ளை வேட்டி கட்டிட்டு, கடைசியில நின்னுட்டிருந்தாரு. “அந்தக் கரப்பான் என்னை மாதிரியே மல்லாக்கக் கெடக்குதுன்னு பேசிக்கறீங்களாம். நான் நாலு நாளா வெடியால எந்திரிச்சதும் வந்து அதைப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். எல்லாரும் அது கெடக்கறதைத்தான் பாக்கறீங்க. எடது பக்கத்துக் கடைசிக் காலைப் பாருங்க. தரைக்கும் அதுக்கும் ரெண்டு வெரல்தான் எடைவெளி. அது எந்திரிக்கப் போகுதுங்க.” அவ்வளவுதான் சொன்னாரு. மொத்தப் பந்தலும் கழுத்தை நீட்டி அந்தக் காலைப் பாக்குது.

இந்த மாதிரி நேரத்துலதான் தலைவர்னு ஒருத்தன் தேவைப்படறான். நான் மைக்கைப் புடிச்சேன். எல்லாப் பக்கத்து நாயத்தையும் எடுத்துச் சொல்லி, பார்த்தீனியக் காலத்திலிருந்து ஆரம்பிச்சு, ஒரு நாப்பது நிமிசம் பேசினேன். கடைசியில சமரசமா ஒரு தீர்மானம் வெச்சேன். “சபாபதி மனசு ஆறோணும், திலகவதி மனசும் நோகக் கூடாது. அதனால ஏழையும் எடுக்க வேண்டாம், ஒண்ணே ஒண்ணை எடுத்துருவோம். இந்த சில்வண்டு இருக்குது பாருங்க. இது ஆருன்னு இது வரைக்கும் ஆரும் சொல்லல. ஆருக்கும் சொந்தமில்லாததை எடுத்தா ஆரு மனசும் புண்படாது!”

அம்மிணி, சனம் சிரிச்ச சிரிப்பு இருக்குதே. சபாபதி சிரிக்கறான், நவமணி குனிஞ்சு பூட்ஸைப் பாத்துட்டுச் சிரிக்குது, பத்மநாபன் சிரிக்கறாரு. ரெண்டு வருசம் கழிச்சு அந்த மனுசன் சிரிச்சதைப் பாத்து அவரு சம்சாரம் அழுகுது. நான் என்ன நெனச்சேன், என்ற சமரசத் திட்டத்தை எல்லாரும் ரசிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். தலையை ஆட்டி நன்றி கூடச் சொன்னனுங்க.

அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ள, பொம்பளைங்க பக்கத்துல மூணாவது வரிசையில ஒருத்தி எந்திரிச்சா. விசாலம்.

நான் மைக்குலயே, “என்ன விசாலம், வீட்டைப் பூட்டலையா?”ன்னு கேட்டேன்.

அவ என்னைப் பாக்கல. கூட்டத்தைப் பாத்துச் சொன்னா. “எதையும் எடுக்க வேண்டாமுங்க. இதுல ஒண்ணு நான் செஞ்சது.”

சொல்லிட்டு உக்காந்துட்டா.

என்ற கையில மைக்கு இருக்குது, வாயில பேச்சு வரல. அப்படி எனக்கு ஆனதே இல்லைங்க. நவமணிதான் எந்திரிச்சு வெவரத்தைச் சொல்லுச்சு. விசாலத்தோட அப்பா கணபதியில லேத்துப் பட்டறை வெச்சிருந்தாரு, அது எனக்குத் தெரியும், மாமனாராச்சே. அங்க பதினாலு வயசிலிருந்து இவதான் கேஸ் வெல்டிங் பண்ணினாளாம், பம்ப்பு சாமானுக்குப் பித்தளை ஊதி ஒட்டறது இவ கை வேலையாம், அந்த லைன்ல அப்படி ஒரு கை கெடையாதாம். எனக்குத் தெரியாது! கண்ணாலத்துக்கு அப்புறம் அவ சொல்லல. நானும் கேக்கல, கேக்கறதுக்கு எனக்கு நேரம் எங்க இருந்துச்சு? அவ மணிக்கட்டுல வட்டமா ஒரு தழும்பு இருக்குதுங்க. முப்பத்தாறு வருசமா அதைத் தோசைக்கல்லு சுட்டதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

ஓட்டெடுப்பு உட்டாங்க. எடுக்கோணுங்கறவங்க கையைத் தூக்குங்கன்னா, சபாபதி ஒருத்தன்தான். இருக்கட்டுங்கறவங்கன்னா, மொத்தப் பந்தலும். என்ற கையும் தன்னால மேல போயிருச்சு.

ஊட்டுக்கு வந்து கேட்டேன். “எது விசாலம் நீ செஞ்சது?”

அவ தண்ணி குடிச்சுட்டு இருந்தா. சொம்பைக் கீழ வெச்சா. “நீங்களே கண்டுபுடிங்க”ன்னா.

“சொல்லு விசாலம், நான் கேக்கறேன்.”

“இல்லைங்க. இந்தத் தடவை நீங்க பாருங்க.”

அந்த வாரத்திலிருந்து அவ நவமணி ஷெட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா. வெடியால சோத்தை ஆக்கி வெச்சுட்டு, ஒம்பது மணி பஸ்சுல கணபதிக்கு. இப்பப் பாண்டிச்சேரிக்கு ஏதோ பெரிய தும்பி செய்யறாங்களாம், பன்னெண்டு அடி. ஊட்டுல நான் தனியா உக்காந்திருந்தா செவுரு நாயம் பேசாதுங்க. அதனால இங்க வந்து உக்காந்துட்டு, ஒவ்வொரு பூச்சியாப் பாக்க ஆரம்பிச்சேன். நான் ஒரு பொருளை அஞ்சு நிமிசத்துக்கு மேல பேசாமப் பாத்ததே அப்பத்தான்னு வெச்சுக்கங்களேன். விட்டில்தான் அவ செஞ்சதுன்னு எனக்கு உறுதியா இருந்துச்சு. மென்மையான வேலைப்பாடு, பொம்பளைக் கை. பொழுதோட ஆறு மணிக்கு பஸ்சு எறங்கி இந்த வழியா அவ வர்றப்பச் சொன்னேன். “விட்டில்தான?”

“இல்லைங்க”ன்னு சொல்லிட்டுச் சிரிச்சுட்டு, கால் வலிக்குதுன்னு என்ற பக்கத்துல சித்தெ உக்காந்தா.

பொறவு ஒரு நாள் நல்ல மழைங்க. மறுநா வெடியால வந்தா, எல்லாம் கழுவி உட்டாப்புல பளிச்சுனு இருக்குது. நான் கண்ணாடியைப் போட்டுட்டு அந்தச் சில்வண்டுகிட்டப் போனேன். ரெக்கை ரெண்டும் பித்தளை. குனிஞ்சு அடிப்பக்கம் பாத்தா எழுத்து. ‘சிறந்த பேச்சாள’ன்னு ஒரு ரெக்கையில. இன்னொண்ணுல, ‘திரு. மயில்சா’. மிச்சத்தை வெட்டியிருக்குது.

நான் அந்த எடத்துலயே நின்னுட்டேன். கோவம் வந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. கேடயத்தை வெட்டிட்டாளேன்னு வந்துச்சு. ஊரே சிரிச்சுதேன்னு வந்துச்சு. அந்த இரும்புக்காரனை நெனச்சா வெக்கமாப் போச்சு, அந்த ஆளைத் தேடிட்டுத்தான் இருக்கறேன், இன்னும் கண்ணுல படல. அப்பறம் அந்த ஆறு நாற்காலியையும் பாத்தேன். இத்தனை நாளா எல்லாம் காலின்னுதான் பாத்திருக்கறேன். சித்தெ எந்திரிச்சு வந்து பாருங்க அம்மிணி, அஞ்சு வரிசையா இருக்குதுல்லங்க? ஆறாவது மட்டும் பின்னால தள்ளி, கோணலா. ஆரோ ரொம்ப நேரம் உக்காந்திருந்து, இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி. அது பைப்பை வளைச்சுச் செஞ்சது, ஒட்டு எங்கன்னே தெரியாது. தொட்டுப் பாருங்க. அப்படிக் கை அவளுக்கு.

அன்னைக்குப் பொழுதோட அவ வந்தா. பக்கத்துல உக்காந்து, “என்ன, கண்டுபுடிச்சீங்களா?”ன்னு கேட்டா.

நான் வாயைத் தெறந்துட்டேன். சொல்லியிருப்பேன். ஒரு மணி நேரம் சொல்றதுக்கு எங்கிட்ட இருந்துச்சு. அப்பத்தான் ஒண்ணு தோணுச்சு. கண்டுபுடிச்சாச்சுன்னா வெளையாட்டு முடிஞ்சு போகும், நாளையிலிருந்து இந்தம்மா இங்க எதுக்கு உக்காரப் போறா? நேரா ஊட்டுக்குத்தான போவா?

“ஈ”ன்னு சொன்னேன்.

விழுந்து விழுந்து சிரிக்கறா அம்மிணி! “ஈயாம், ஈ!”ன்னு என்ற தோளுல ஒரு தட்டு தட்டுனா. முப்பத்தாறு வருசத்துல அவ என்னைத் தட்டினதில்லைங்க. பொறவு, ஈக்கு ஏன் டீ வடிகட்டி வெச்சாங்க, ஈயத்தை எப்படி உருக்கறது, அவ அப்பா பட்டறையில ஒரு தடவை தீப்புடிச்சது, எல்லாம் அவ பேசறா. இருட்டற வரைக்கும் பேசினா. நான் கேட்டுட்டு இருந்தேன். நடுவுல ரெண்டு தடவைதான் குறுக்க பேசினேன். மூணு தடவை இருக்கும்.

அதுக்கப்பறம் வாரத்துக்கு ஒண்ணாச் சொல்லிட்டு வர்றேன். எறும்புன்னேன், இல்லைன்னா. சாணிவண்டுன்னேன், இல்லைன்னா. போன வாரம் கரப்பான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சிரிப்பு, ஒரு கதை. எனக்குத் தெரியுங்கறது அவளுக்குத் துளியும் தெரியாது. இன்சூரன்சுல முப்பத்தொரு வருசம் இருந்தவன், மூஞ்சியை எப்படி வெச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியாதா? இன்னைக்குக் கும்பிடுபூச்சியைச் சொல்லப் போறேன். அதோட ஆறும் முடிஞ்சுது, மிச்சம் நான்தான் இருக்கறேன். அடுத்த வாரம் மறுபடி விட்டில்லயிருந்து ஆரம்பிச்சுருவேன். “முன்னாலயே சொன்னீங்களே”ம்பா. மறந்துட்டேன்னு சொல்லிக்கறேன், வயசாச்சுல்லங்க.

அதோ, பஸ்சு வந்து நிக்குது. நீலச் சேலை, தோளுல பை, அதுதான் விசாலம். வாங்க, இருங்க, ஓடிராதீங்க, பத்திரிகைன்னா அவகிட்டக் கேளுங்க. அவ நல்லாப் பேசுவா. ஒண்ணே ஒண்ணுதான் அம்மிணி, எனக்குத் தெரியுங்கற வெசயத்தை மட்டும் தப்பித் தவறி உட்டுராதீங்க. வந்ததிலிருந்து பாக்கறேன், உங்களுக்கு வாய் சித்தெ நீளமாத்தான் இருக்குது. கம்முனு இருங்க, அவ பேசட்டும்.